ஆண்டிஸ் மலைப்பெயர்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஆண்டிஸ் மலைத்தொடரின் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் மலைப்புதான் வரும். டொக்ல்யராஹு, ரன்ராபால்கா, யானாபக்ச்சா, வைத்தாபல்யானா என்று எல்லாமே வாயில் நுழையாத பெயர்கள். ஆனால் பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் சில துண்டுகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும்: ராஹு, கோச்சா, பம்பா, மாயு, யானா, புக்கா. இவை கெச்சுவா மொழிச் சொற்கள். இப்படி இருபது முப்பது சொற்கள் கைவசம் இருந்தால், மொழி தெரியாதவரும் ஒரு மலைப்பெயரைப் பார்த்து ஓரளவு பொருள் சொல்லிவிடலாம். மலையேறப் போகிறவர்களுக்கும், வீட்டிலிருந்தே வரைபடம் மேய்கிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

கெச்சுவாவை ‘இன்காக்களின் மொழி’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் உண்மை. இன்கா பேரரசு எழுவதற்கு முன்பே பெருவின் நடுப்பகுதியில் பேசப்பட்டுவந்த மொழி இது. இன்காக்கள் அதை ஆட்சி மொழியாக எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் பரப்பினார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஸ்பானியப் பாதிரியார்களும் மதப் பிரச்சாரத்துக்கு அதையே பயன்படுத்தினார்கள். பெருவில் 1975-ல் ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. 2017 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் மட்டும் 37 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கெச்சுவாவைத் தாய்மொழியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பொலிவியா, எக்குவடோர் நாடுகளிலும் பெரும் எண்ணிக்கையில் பேசுகிறார்கள். ஆக, நீங்கள் படிக்கப் போவது செத்த மொழியின் கல்வெட்டு இல்லை. அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர் இன்றும் புழங்கும் சொற்கள்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். மலைப்பெயர் என்றதும் நாம் உச்சியைப் பார்ப்போம். பெயர் வைத்தவர்கள் உச்சிக்குப் போனவர்கள் இல்லை. ஆடு, யாமா (நாம் லாமா என்று சொல்லும் மிருகம்) மேய்த்தவர்கள், உருளைக்கிழங்கு போட்டவர்கள். அவர்களுக்கு வேண்டியது தண்ணீர், புல்வெளி, வழி. அதனால் ஆண்டிஸில் ஏராளமான பனிமுடிகள் தங்களுக்குக் கீழே இருக்கும் ஆற்றின், குளத்தின், மேய்ச்சல் நிலத்தின் பெயரைத்தான் சுமந்து நிற்கின்றன. அழகுக்குப் பேர்போன அல்பமாயோ (5,947 மீட்டர்) நல்ல உதாரணம். அல்பா என்றால் மண், மாயு என்றால் ஆறு. மண்கலங்கிய ஆறு ஒன்றின் பெயர் மேலே ஏறி மலைக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளூரில் அந்தச் சிகரத்துக்கு ஷுய்துராஹு என்றொரு பெயரும் உண்டு: நீள்வடிவப் பனிமலை. உலகம் பிடித்துக்கொண்டது ஆற்றின் பெயரைத்தான்.

முதல் படி: மலை எந்தப் பக்கம் என்று பாருங்கள்

பொருள் தேடும் முன் இடத்தைத் தேடுங்கள். கெச்சுவா ஒரே மொழி போலப் பேசப்பட்டாலும் உண்மையில் ஒரு மொழிக் குடும்பம். பெருவின் நடுப்பகுதியில் இருக்கும் அன்காஷ், ஹுவானுகோ பக்கத்து வழக்கு ஒரு கிளை. குஸ்கோ, அயகூச்சோ, பொலிவியா, எக்குவடோர் வழக்குகள் இன்னொரு கிளை. 1960-களில் ஆல்ஃப்ரெடோ டொரேரோ, கேரி பார்க்கர் என்ற இரு மொழியியலாளர்கள் தனித்தனியாக ஆராய்ந்து சொன்ன பிரிவு இது. குஸ்கோ அகராதியை வைத்துக்கொண்டு அன்காஷ் மலைக்குப் பொருள் தேடினால் பாதி நேரம் கிடைக்காது.

பனி என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். குஸ்கோவில் பனிக்கு ரித்தி. ஆண்டுதோறும் அவுசன்காதே மலைப் பகுதியில் நடக்கும் கோய்ல்யுர் ரித்தி திருவிழாவின் பெயரில் அதைப் பார்க்கலாம். அன்காஷுக்குப் போனால் பனிக்கும் பனிமலைக்கும் ராஹு. அயகூச்சோவில் அதே சொல் ராசு. அங்கே வான்தா ஊருக்கு மேலே ராசுவில்கா மலை இருக்கிறது. எக்குவடோரில் அது ராஸு; சிம்போராசோ, காரிவைராசோ என்ற இரண்டு மலைப்பெயர்களின் வாலிலும் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். வான்கயோ பக்கத்தில் சொல்லின் முதலில் வரும் ரகரம் லகரமாகிவிடும் என்பதால் அங்கே அது லாசு. லாசுன்தாய் என்ற பனிமலை அதற்குச் சாட்சி. ராஹு, ராசு, ராஸு, லாசு எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. ரகரம் லகரமாகும் இந்த வேலை ஒரு தலைநகரத்தின் பெயரிலேயே நடந்திருக்கிறது. ‘பேசுபவன்’ என்று பொருள்படும் ரிமாக் என்ற ஆற்றுப்பெயர்தான் கடலோர வாயில் லிமா ஆனது.

மலைக்கான சொல்லும் இப்படித்தான். குஸ்கோவில் ஓர்க்கோ, அன்காஷிலும் ஹுவானுகோவிலும் ஹிர்கா. தண்ணீர் குஸ்கோவில் உனு, மற்ற பல இடங்களில் யாக்கு. எனவே ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளும்போதே பக்கத்தில் மாவட்டத்தையும் எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: ஸ்பானிஷ் எழுத்தை உரித்தெடுங்கள்

வரைபடத்தில் இருப்பது கெச்சுவாப் பெயர். எழுதியிருப்பது ஸ்பானிய காதில் விழுந்தபடி. இங்கேதான் ஆங்கிலம் வழியாகப் படிக்கும் நாம் சறுக்குவோம். சில எழுத்துகளை மட்டும் பழக்கப்படுத்திக்கொண்டால் போதும்.

ஜே எழுத்துக்கு ஸ்பானிஷில் ஹகர ஒலி. டொக்ல்யராஹு என்ற பெயரின் கடைசித் துண்டை ‘ராஜு’ என்று படித்தால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஆகிவிடும். அதற்காக ராகு கேதுவோடு முடிச்சுப் போட்டுவிடவும் வேண்டாம்; ஒலி ஒத்துப்போவது தற்செயல்.

ஹெச்-யூ சேர்ந்து வந்து அடுத்து உயிரெழுத்து வந்தால் அது வெறும் வகரம். ஹுவைனா என்று எழுதியிருந்தால் வைனா. பெருவின் மிக உயர்ந்த மலையான ஹுவாஸ்கரானை (6,768 மீட்டர்) அங்கே வாஸ்கரான் என்றுதான் சொல்வார்கள். எக்குவடோரில் இதே வகரத்தை ஜி-யூ என்று எழுதும் பழக்கம் உண்டு. குவாகுவா என்று தெரிவது உண்மையில் வாவா, அதாவது குழந்தை. இரட்டை எல் வந்தால் ‘ல்ய’. தலையில் அலைக்கோடு போட்ட ‘என்’ (ñ) எழுத்து நம் ‘ஞ’.

அடுத்தது உயிர் ஒலிகள். கெச்சுவாவில் அடிப்படையில் அ, இ, உ என மூன்றுதான். தொண்டை ஆழத்திலிருந்து வரும் ஒரு ககரம் உண்டு. அது பக்கத்தில் இருந்தால் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் ஒலிக்கும். அதனால்தான் ஒரு வரைபடத்தில் ஓர்க்கோ, இன்னொன்றில் உர்க்கு. ஓரிடத்தில் கோச்சா, வேறிடத்தில் குச்சா. 1985-ல் பெரு அரசு எழுத்துமுறையை வரையறுத்த பிறகும் மூன்று உயிரா ஐந்து உயிரா என்ற சண்டை ஓயவில்லை. குஸ்கோவின் கெச்சுவா அகாடமி ஐந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு அந்தச் சண்டை வேண்டாம். இரண்டும் ஒரே சொல் என்று தெரிந்தால் சரி.

வரைபடத்தில் pampa என்று இருந்தாலும் bamba என்று இருந்தாலும் பம்பா ஒன்றுதான். மகரத்துக்குப் பின் வரும் பகரம் மென்மையாவது தமிழ் வாசகருக்குப் புதிதில்லை.

ஒரு இழப்பு மட்டும் சரிசெய்ய முடியாதது. குஸ்கோ, பொலிவியா வழக்குகளில் ஒரே ‘ச்’, ‘க்’, ‘த்’ ஒலியைச் சாதாரணமாக, மூச்சோடு, தொண்டையை அடைத்து வெடித்து என மூன்று விதமாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. ஸ்பானிஷ் எழுத்தில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. சாக்கி என்று சாதாரணமாகச் சொன்னால் கால், வெடித்துச் சொன்னால் காய்ந்தது. மச்சு பிக்ச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதையில் சாக்கிகோச்சா என்ற கூடார இடம் இருக்கிறது. அகராதியில் கைக்குக் கிடைத்த முதல் பொருளை எடுத்தால் ‘கால் குளம்’. சரியான பொருள் ‘வற்றிய குளம்’.

மூன்றாம் படி: வாலிலிருந்து வெட்டுங்கள்

இந்தப் படி தமிழருக்கு எளிது. நாம் கருங்குளம் என்று நிறத்தை முன்னும் பொருளைப் பின்னும் வைப்பதுபோலவே கெச்சுவாவிலும் அடைமொழி முன்னால், பெயர் பின்னால். யானாகோச்சா என்றால் யானா கறுப்பு, கோச்சா குளம் அல்லது ஏரி. எனவே கடைசித் துண்டை முதலில் பாருங்கள். இது என்ன பொருள் என்பதை அது சொல்லும். முன்துண்டு, எப்படிப்பட்டது என்று சொல்லும். (இந்த ஒற்றுமையை வைத்துத் தமிழுக்கும் கெச்சுவாவுக்கும் உறவு கொண்டாடும் பதிவுகள் இணையத்தில் கிடைக்கும். விகுதி சேர்க்கும் மொழிகள் உலகெங்கும் உண்டு. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.)

வால் சொற்களில் இவை போதும்: கோச்சா ஏரி, மாயு ஆறு, பக்ச்சா அருவி, பம்பா சமவெளி, ரன்ரா கல்லும் கரடுமான இடம், பால்கா கவை, அதாவது இரண்டாகப் பிரியும் இடம், பாட்டா திட்டு அல்லது விளிம்பு, மார்கா ஊர், புன்கு வாசல், குன்கா கழுத்து, பூனா மரமில்லாத உயர்ந்த புல்வெளி. பிக்ச்சு என்றால் கூம்பி நிற்கும் மலை.

முன்துண்டில் வருபவை பெரும்பாலும் நிறமும் அளவும் வயதும்தான். யானா கறுப்பு, புக்கா சிவப்பு, யுராக் வெள்ளை, ஹாதுன் பெரிய, ருமி கல், வைரா காற்று. மிருகங்களும் வரும்: குஸ்கோவுக்கு மேற்கே வில்கபம்பா மலைகளில் நிற்கும் பூமாசில்யோ என்பது பூமாவின் நகம். அதே மலைகளில் உள்ள சல்கன்தாயின் முன்துண்டு சல்கா; காட்டுத்தனமான, அடங்காத என்று பொருள்.

வயதுச் சொற்கள் ஜோடியாக வருவதைக் கவனியுங்கள். மச்சு கிழம், வைனா இளசு. மச்சு பிக்ச்சு முதலில் ஒரு மலையின் பெயர். அதன் எதிரே நிற்பது வைனா பிக்ச்சு. 1911-ல் அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்கம் வந்து உலகுக்குச் சொன்ன பிறகு மலையின் பெயர் இடிபாடுகளுக்கு நிலைத்துவிட்டது. பழைய ஆவணங்களைத் துருவிய டொனாட்டோ அமாடோ கொன்சாலெஸும் பிரையன் பாயரும், இன்காக்கள் அந்த ஊரைப் பெரும்பாலும் வைனா பிக்ச்சு அல்லது வெறுமனே பிக்ச்சு என்றுதான் அழைத்திருப்பார்கள் என்று 2021-ல் எழுதினார்கள். எக்குவடோரின் கீட்டோ நகருக்கு மேலே இதே ஜோடி வேறு சொற்களில் நிற்கிறது: ருக்கு பிச்சிஞ்சா கிழம், வாவா பிச்சிஞ்சா குழந்தை. இரண்டும் எரிமலை முடிகள்; அந்தக் குழந்தைதான் 1999-ல் சாம்பல் கக்கியது.

சரி, ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்போம். பெருவின் வாராஸ் நகருக்குக் கிழக்கே, கார்டில்யேரா பிளாங்கா என்ற பனித்தொடரின் நடுவில், நெருக்கமாகச் சில பெயர்கள். புக்காரன்ரா: சிவந்த கற்குவியல். ரன்ராபால்கா: கல்நிறைந்த கவை. இரண்டும் 6,000 மீட்டரைத் தாண்டிய பனிமலைகள். பெயரில் பனியே இல்லை, கல்தான் இருக்கிறது. பக்கத்தில் பால்காராஹு: கவைப் பனிமலை. அதன் அடியில் பால்காகோச்சா: கவை ஏரி. ஏரியும் மலையும் ஒரே முன்துண்டைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்படிப் பகிர்ந்தால் அவை ஒரே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை என்று கிட்டத்தட்ட நம்பிவிடலாம். பெயரின் உறவு வெறும் பெயரளவில் நிற்கவில்லை. மலையின் பனியாறு உருகித்தான் ஏரி நிறைகிறது; 1941 டிசம்பர் 13 அன்று ஏரியின் கரை உடைந்து வாராஸின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது, ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

இன்னும் கொஞ்சம் வடக்கே யானாபக்ச்சா. ‘கறுப்பு அருவி’ என்ற பெயரில் ஒரு வெண்பனிச் சிகரம். அடிவாரத்திலிருந்து படித்தால்தான் இது விளங்கும்.

நான்காம் படி: விகுதிகளைக் கண்டுகொள்ளுங்கள்

எல்லாப் பெயரும் இரண்டு துண்டாக உடையாது. நான்கு விகுதிகள் தெரிந்தால் மீதியில் பெரும்பகுதி திறந்துகொள்ளும்.

‘யோக்’ என்று முடிந்தால் ‘உடைய’. குஸ்கோவில் பன்னிரண்டு மூலை வெட்டிய புகழ்பெற்ற கல் பதித்த சுவர் இருக்கும் தெருவுக்கு ஹாதுன்ருமியோக் என்று பெயர்: பெருங்கல் உடையது. வினையோடு ‘க்’ சேர்ந்தால் அதைச் செய்பவர். முன்பு பார்த்த ரிமாக் அப்படித்தான். ‘ஸ்கா’ என்று முடிந்தால் நடந்து முடிந்தது. இன்கா பாதையின் மிக உயர்ந்த கணவாய் வார்மிவாஞுஸ்கா (4,215 மீட்டர்): வார்மி பெண், வாஞுஸ்கா செத்த. செத்த பெண் கணவாய்.

‘நா’ விகுதி வினையை இடமாகவோ கருவியாகவோ மாற்றும். வான்கயோவின் பனித்தொடரான வைத்தாபல்யானாவில் வைத்தா பூ, பல்யா பறி, நா இடம்: பூப்பறிக்கும் இடம். மேலே பனி, பெயரில் பூ. இந்தத் தொடரில் நிற்பதுதான் நாம் முன்பு பார்த்த லாசுன்தாய்.

சொல் இரட்டித்தால் அந்தப் பொருள் நிறைய இருக்கிறது என்று பொருள். அரெகிபா நகருக்குக் கிழக்கே பல முனைகளோடு நீளும் பிச்சு பிச்சு மலையைப் பார்த்தால் அந்தப் பெயர் தானாகப் புரியும்.

‘அப்பு’ என்று முன்னால் வருவதைப் பெயரின் பகுதியாக எண்ணாதீர்கள். அது தலைவன், ஐயன் என்ற மரியாதைச் சொல். குஸ்கோ மக்களுக்கு அவுசன்காதேயும் சல்கன்தாயும் காவல் தெய்வங்கள்; பேச்சில் அப்பு சேர்த்தே சொல்வார்கள். வரைபடத்தின் பெயர்ப்பட்டியலில் அப்புவைத் தேடினால் கிடைக்காது, வெட்டிவிட்டுத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: இரட்டைப் பொருளுக்கும் பக்கத்து மொழிக்கும் உஷாராக இருங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். ஓர்க்கோ என்றால் மலை என்று சொன்னேன். அதற்கு ஆண் என்ற பொருளும் உண்டு. ல்யங்கனுகோ பள்ளத்தாக்கில் 3,850 மீட்டர் உயரத்தில் இரண்டு ஏரிகள்: சினான்கோச்சா, ஓர்க்கோன்கோச்சா. இரண்டாவதை மட்டும் பார்த்தால் ‘மலை ஏரி’ என்று முடிவு கட்டத் தோன்றும். ஜோடியாகப் பார்த்தால் சினா பெண், ஓர்க்கோ ஆண். பெண் ஏரி, ஆண் ஏரி. ஒரு பெயரைப் பிரிக்கும் முன் அண்டைப் பெயர்களையும் பாருங்கள் என்பது இதற்காகத்தான்.

அடுத்தது ஐமாரா. திதிகாகா ஏரியைச் சுற்றியும் பொலிவியாவின் உயர்நிலங்களிலும் பேசப்படும் வேறு மொழி. நூற்றாண்டுகளாகக் கெச்சுவாவோடு சொற்களைக் கொடுத்து வாங்கியிருக்கிறது. உமா என்றால் கெச்சுவாவில் தலை, ஐமாராவில் தண்ணீர். பொலிவியாவின் அன்கோவுமாவை (6,427 மீட்டர்) கெச்சுவாவாக எடுத்துத் தலையைத் தேடினால் தவறு. ஐமாராவில் அது வெள்ளை நீர். ஏரிக்குக் கெச்சுவாவில் கோச்சா, ஐமாராவில் கோட்டா. சிலி–பொலிவியா எல்லையில் இருக்கும் பரினகோட்டா எரிமலையின் வால் அந்தக் கோட்டாதான், முன்துண்டு பூநாரை. எல்லை தாண்டியும் பெயர்கள் வரும். குஸ்கோவின் புனிதப் பள்ளத்தாக்கில் ஓடும் வில்கநோட்டா ஆற்றின் பெயரை ஐமாராவில் ‘சூரியன் வீடு’ என்று மொழியறிஞர்கள் பிரிக்கிறார்கள். கெச்சுவாவின் இதயப் பகுதியிலேயே இப்படி. தெற்குப் பெருவில் புகீனா என்ற மறைந்துபோன மொழியும் தடம் விட்டுப் போயிருக்கிறது. எனவே பிரிபடாத பெயரை அடித்து உடைத்துக் கெச்சுவாவாக்க வேண்டாம்.

ஆறாம் படி: கவித்துவத்தைச் சந்தேகியுங்கள்

சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் பொருள்கள் கேட்க இனிமையாக இருக்கும். என் அனுபவ விதி ஒன்றுதான்: இரண்டு விளக்கங்கள் இருந்தால், சப்பென்று இருப்பதே பெரும்பாலும் சரி. ‘கண்ணுக்கெட்டாத தேவனின் மூச்சு’ போன்ற விளக்கத்துக்கும் ‘சேற்று ஆறு’ என்ற விளக்கத்துக்கும் போட்டி வந்தால் நான் சேற்றின் பக்கம்.

சிம்போராசோ (6,263 மீட்டர்) இதற்கு நல்ல பாடம். ராஸு என்ற பின்பாதி உறுதி. முன்பாதியைச் ‘சிம்பா’ என்று எடுத்து ‘அக்கரைப் பனி’ என்பார் சிலர். மலையின் மேற்கே ஓடும் சிம்போ ஆற்றின் பெயர்தான் அது, ‘சிம்போப் பனிமலை’ என்பார் சிலர். எனக்கு ஆறுதான் நம்பத்தகுந்ததாகத் தெரிகிறது. அர்ஜென்டினாவின் அகோன்காகுவா மலைக்கு (6,961 மீட்டர்) எல்லோரும் ஒப்பிக்கும் ‘கல் காவலன்’ என்ற விளக்கத்தையும் அப்படியே விழுங்காதீர்கள்; கெச்சுவா, தெற்கே சிலி, அர்ஜென்டினா பழங்குடிகளின் மாப்புச்சே என்று இரண்டு மொழிகள் அந்தப் பெயருக்குச் சொந்தம் கொண்டாடுகின்றன.

சரிபார்க்க இரண்டு வழிகள். ஒன்று பழைய அகராதிகள்: டொமிங்கோ டி சாண்டோ டோமாஸ் 1560-லும் டியேகோ கொன்சாலெஸ் ஓல்கின் 1608-லும் அச்சிட்டவை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நவீன அகராதியில் இல்லாத சொல் அங்கே இருக்கும். இன்னொன்று நிலப்படம். பெயர் கவை என்கிறதா? உயரக்கோடுகளில் கவை தெரிகிறதா பாருங்கள். குளம் என்கிறதா? குளம் இருக்கிறதா, இருந்து வற்றியதா? 1930-களில் ஜெர்மானிய–ஆஸ்திரிய ஆல்ப்ஸ் சங்கத்தின் பயணக் குழுக்கள் கார்டில்யேரா பிளாங்காவை அளந்து வரைந்த படங்கள் முதல் பெருவின் தேசியப் புவியியல் நிறுவனத்தின் தாள்கள் வரை, ஒரே சிகரத்துக்கு எழுத்து மாறி மாறி வரும். இரண்டு மூன்றை ஒப்பிட்டால் மூலச்சொல் பிடிபடும்.

நேரில் போனால், கேட்பதில் கூச்சம் வேண்டாம். குஸ்கோ பக்கம் மலையைக் காட்டி ‘இமன் சுத்தின்?’ என்றால் ‘அதன் பேர் என்ன?’ என்று பொருள். உச்சியைக் காட்டிக் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். அடியில் உள்ள புல்வெளி, ஓடை, கணவாய் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருக்கும், அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். யார் சொன்னது, எந்தக் கிராமம் என்றும் குறியுங்கள். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்தவர் ஒரு பெயரும் அந்தப் பக்கத்தவர் வேறு பெயரும் சொல்வது வழக்கம், இரண்டும் சரிதான்.

பழகிப் பார்க்க நான்கு பெயர்கள்: ஹாதுன்ராஹு, ஓர்க்கோபம்பா, காரிவைராசோ, ருமிஞாவி. முதல் இரண்டையும் இதற்குள் நீங்களே பிரித்திருப்பீர்கள். மூன்றாவதில் காரி என்றால் ஆண். மீதி மேலேயே இருக்கிறது. நான்காவது எக்குவடோரில் ஒரு மலை. அதற்கு ஞாவி என்றால் கண், முகம் என்று மட்டும் தெரிந்தால் போதும்.